நல்ல பெட்டி, செத்தவீட்டுப் பெட்டி

குளிர் ஒரு ஸ்பீக்கரைக் கொன்றதை நான் இதுவரை பார்த்ததில்லை. மனிதர்கள் கொன்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர்களில் பாதிப் பேர் நான்தான்.

ஒஸ்லோவில், ரொம்மனில் எங்கள் மாடிக்குடியிருப்புக்குப் பின்னால் நிற்கும் கொட்டிலின் பூட்டுத் திறப்பு இப்போது உங்கள் கையில் இருக்கிறது. கலியாணவீடு, சாமத்தியவீடு, அரங்கேற்றம், செத்தவீடு என்று ஒஸ்லோத் தமிழருக்கு ஒலி கொடுக்கும் வேலையை இனி இளையவர்கள் நீங்கள்தான் பார்க்கப் போகிறீர்கள். நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. உண்மையில் ஓய்வு பெற்றது என் முதுகு. அது போன இடத்துக்கு நானும் கூடப் போகவேண்டியதாயிற்று. ஒரு பெட்டியைக் குனிந்து தூக்கியபோது முதுகுக்குள் கேட்ட சத்தம்தான், இந்தத் தொழிலில் நான் கேட்ட சத்தங்களிலேயே மிகவும் துல்லியமானது.

எந்த வயர் எதில் போகும் என்று நான் உங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. என்னைவிட உங்களுக்குத் தெரியும். தெரியாததைத் தொலைபேசி சொல்லும். தொலைபேசி சொல்லாத ஒன்றைத்தான் எழுத வந்தேன். இலையுதிர்காலத்தில் கொட்டிலைப் பூட்டுவதற்கும் பனி உருகியபின் திறப்பதற்கும் இடையில், சூடில்லாத அந்த இடத்துக்குள் ஒரு ஸ்பீக்கருக்கும் அதன் சொந்தக்காரருக்கும் என்னவெல்லாம் நடக்கலாம் என்பது அது.

எனக்கு இந்தப் பாடத்தைத் தந்தவர் ஒரு நாடக அரங்கில் ஒலிக்குப் பொறுப்பாக நின்ற நோர்வேக்காரி. என் வயதுதான். பெயர் வேண்டாம், தன்னைப் பற்றி யாரும் நல்லதாக எழுதினால் அவருக்கு ஒரு கிழமைக்கு நித்திரை வராது. நான் வேனிலிருந்து இறக்கிய பெட்டியை அந்தக் கணமே மின்சாரத்தில் கொழுவப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டிக்குக் குளிர் ஒரு கரைச்சலும் இல்லை. குளிரிலிருந்து எழுப்பிய உடனே வேலை வாங்குவதுதான் கரைச்சல். நீ எழும்பின உடனே ஆராவது உன்னோடு கதைத்தால் உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் வீட்டில் இன்றுவரை ஒருவருக்கும் விளங்காத விஷயம் அது.

உங்களில் கண்ணாடி போட்டவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. உறைபனிக்குள் நடந்து வந்து ஸ்டோவ்னர் கடைத்தொகுதியின் கதவைத் தள்ளிய அடுத்த கணம் உலகம் மறைந்துவிடும் அல்லவா? அதே ஈரம் பெட்டியின் வெளியிலும் படியும், உள்ளேயும் படியும். கண்ணாடியை நாம் துடைக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் மின்சாரச் சாமான்களை யார் துடைப்பது? ஆகவே, குளிரிலிருந்து கொண்டுவந்த பெட்டியை அதன் துணிப்பையோடு, பையின் சிப்பைத் திறக்காமல், சூடான அறையில் அரைநாள் விட்டுவிடுங்கள். வியர்க்கிறதெல்லாம் பைக்கு வெளியே வியர்க்கட்டும். கொட்டிலுக்குள் வைக்கும்போதும் சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள், மரப்பலகை போட்டு உயர்த்துங்கள். சுவரோடு சாய்க்காதீர்கள். பொலித்தீனால் இறுக்கிச் சுற்றாதீர்கள். ஈரம் வெளியே போக வழியில்லாமல் உள்ளே குடியிருக்கும்.

ஈரத்துக்கு எதிராக நாங்கள் எடுத்த முதல் நடவடிக்கை, எங்கள் சனத்தைத் தவிர உலகத்தில் வேறு எவரும் எடுத்திராதது. தண்ணீரில் விழுந்த தொலைபேசியை அரிசிக்குள் புதைத்தால் ஈரம் போய்விடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். என் தொழில் பங்காளி நேசனும் கேள்விப்பட்டிருந்தான். தொலைபேசி சின்னது, அதற்கு ஒரு பேணி அரிசி. ஸ்பீக்கர் பெரியது, அதற்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். கடைசியில் சிவப்புப் பச்சையரிசியைத் துணிப்பைகளில் கட்டி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பின்பக்கத்தால் இறக்கினோம். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களுக்கு நல்ல நித்திரை. நோர்வே எலிகளுக்குப் பச்சையரிசி பழக்கமிராது என்று நம்பியிருந்தோம். ரொம்மனில் எல்லோரும் எல்லாருடைய சாப்பாட்டையும் பழகிக்கொள்வார்கள் என்பதை மறந்துபோனோம். அரிசி முடிந்ததும் ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பைத் தின்றன. அது முடிந்ததும் அங்கேயே குடும்பமாகத் தங்கிவிட்டன. வசந்தத்தில் பெட்டியைத் திறந்தபோது எங்களைத்தான் அவை யார் என்பதுபோலப் பார்த்தன.

இவ்வளவும் பெட்டியைப் பற்றியது. இனி வருவது மனிதரைப் பற்றியது. இதற்குப் பலகை போட்டு உயர்த்தி வைக்கும் வழி ஒன்றும் கிடையாது.

ஆரம்பத்தில் எங்களிடம் ஒரு சோடி ஸ்பீக்கர்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு நல்லதுக்கும் போனோம், கெட்டதுக்கும் போனோம். ஒரு நாள் ஸ்டோவ்னரில் ஒரு சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் விழா. பிள்ளை ஆரத்தித் தட்டுக்கு முன்னால், ஆலாத்தி எடுக்க வந்து இருக்கிறாள், பாட்டு ஓடுகிறது, சபை நிறைந்திருக்கிறது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, உது போன கிழமை கந்தையாண்ணையின்ர செத்தவீட்டில நிண்ட பெட்டியெல்லோ?"

"இல்லையம்மா, இது வேற."

"என்ன வேற? உந்த மூலை உடைஞ்சு கிடக்கு. அழுதழுது நான் அண்டைக்கு முழுக்க உந்த மூலையைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

பிள்ளையின் தாய்மாமன் வந்து, வயரைச் சுவரிலிருந்து இழுத்துவிட்டுப் போனார். மிச்ச விழா பாட்டில்லாமல் நடந்தது.

அதன்பிறகு இரண்டு சோடி ஆயிற்று. ஒரே கொம்பனி, ஒரே நிறம், ஒரே சத்தம். ஒரு சோடிக்குக் கைபிடியில் கறுப்பு ஒட்டுநாடா, அதாவது ரேப், சுற்றினோம். அது செத்தவீட்டுப் பெட்டி. மற்றச் சோடிக்கு நெற்றியில் சந்தனப் பொட்டு. அது நல்ல பெட்டி. நல்ல பெட்டி எங்கள் குடியிருப்பிலேயே இருந்த நேசனின் வீட்டு வரவேற்பறையில், வெல்வெற் துணி போர்த்து, மேலே பூச்சாடியோடு வருஷம் முழுக்கச் சூட்டில் இருந்தது. செத்தவீட்டுப் பெட்டியை எவர் வீட்டுக்குள்ளும் எடுக்க முடியாது. அது வெளியே கொட்டிலில்.

இந்த நாட்டில் எங்கள் சனம் கலியாணத்தைக் கோடையில் வைக்கும். சாவு குளிர்காலத்தில் வரும். அதாவது குளிர்காலத்தில் வேலைக்குப் போக வேண்டிய பெட்டி குளிரில் கிடந்தது. வேலையில்லாத பெட்டி சூட்டில் இருந்தது. இந்த ஏற்பாட்டை எந்த முட்டாள் வகுத்தான் என்று நீங்கள் கேட்கலாம். அது தீர்மானிக்கப்பட்ட கூட்டத்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். நேசன் அன்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஜனவரியில் யோகன் இறந்தான்.

யோகன் பஸ் ஓட்டியவன். அம்மருட்டில் தம்பி ரூபனின் குடும்பத்தோடு இருந்தவன், கலியாணம் கட்டவில்லை. விடிய வேலைக்குப் போகவென்று காரில் மூடியிருந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்றவன், சக்கரத்தோடு சாய்ந்து இருந்துவிட்டான். குனிந்து டயரைப் பார்க்கிறான் என்று நினைத்து ஆட்கள் கடந்து போயிருக்கிறார்கள். தாய் யாழ்ப்பாணத்தில் இருந்தார். விசாவுக்கு அங்கும் இங்கும் ஓடினார்கள். கிடைக்கவில்லை.

ரூபன் என்னிடம் வந்தான். கதிரையில் இருக்கவில்லை, ஜக்கெற்றையும் கழற்றவில்லை.

"அண்ணை, அம்மா அங்கையிருந்து வீடியோவில கதைக்கப் போறா. அவவுக்கு அண்ணாவோட கடைசியாக் கதைக்க வேற வழியில்லை. சிற்றாலயத்துக்கு வெளியில நிக்கிற சனத்துக்கும் வடிவாக் கேக்கவேணும். இடையில வெட்டுப்படக்கூடாது. திருப்பிச் செய்யிற அலுவலில்லை இது."

"கேக்கும்," என்றேன். "ஒண்டுக்கும் யோசியாதை."

எத்தனை பேர் வருவார்கள், எத்தனை பேர் வெளியே நிற்பார்கள், தேவாரம் பாடுகிறவருக்கு இருந்து பாட வேண்டுமா நின்று பாட வேண்டுமா, தாயின் முகம் திரையில் தெரியவேண்டுமா என்று எல்லாவற்றையும் விபரமாகக் கேட்டேன். சுடலையோடு சேர்ந்த அந்தச் சிற்றாலயத்தில் ஏற்கெனவே இருந்த ஒலியமைப்பு ஒரு பாதிரியாரின் ஒரு குரலுக்கானது. தொலைபேசியை அதனோடு இணைக்க வழியில்லை. எங்கள் பெட்டி இல்லாமல் தாயின் குரல் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

செத்தவீடு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை நேசனுடைய மகளின் சாமத்தியவீடு. இரண்டும் அடுத்தடுத்த நாளில் வந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. மண்டபம் ஒரு வருஷத்துக்கு முன்னமே எடுத்தாயிற்று, கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆட்கள் வந்து நேசன் வீட்டில் நிலத்தில் படுத்திருந்தார்கள். யோகனுக்கு ஒரு வருஷத்துக்கு முன்னம் ஒன்றும் தெரியாது.

வழக்கப்படி நான் வியாழன் பின்னேரமே கறுப்பு ரேப் பெட்டிகள் இரண்டையும் பையோடு கொட்டிலிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து, எங்கள் குடியிருப்பின் நிலவறையில் எல்லாருக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையில் விட்டேன். வீடும் அல்ல, வெளியும் அல்ல, சூடும் உண்டு. இத்தனை வருஷமும் சாத்திரத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் இடையில் நான் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரே நாடு அதுதான்.

வெள்ளி காலை இறங்கிப் போனேன். பெட்டிகளைக் காணவில்லை. மூன்று இயந்திரங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. நேசனின் மனைவி வதனி பட்டுப்பாவாடை ஒன்றை மடித்துக்கொண்டு நின்றாள்.

"வதனி, இஞ்சை நிண்ட பெட்டியள் எங்கை?"

"அண்ணை, குறை நினையாதேங்கோ." அவள் பாவாடையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "பிள்ளையின்ர உடுப்புத் தோய்க்க வந்தனான். கறுப்பு ரேப்பைக் கண்டவுடனை நெஞ்சு திக்கெண்டு போச்சுது. நேற்றே உருட்டிக்கொண்டு போய்க் கொட்டிலுக்கை விட்டிட்டன். வடிவா மூடித்தான் விட்டனான், கதவும் பூட்டினனான்."

"நேசன் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"அவர் விமான நிலையத்துக்கு ஆக்களை ஏத்தப் போயிட்டார். உங்களை எழுப்பிச் சொல்லுவம் எண்டு பாத்தன். பிறகு, பெட்டிதானே, இண்டைக்குத் திருப்பி எடுப்பியள்தானே எண்டு விட்டிட்டன்."

அவளில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெட்டியை எங்கே வைக்கக்கூடாது என்பதற்கு அவளிடம் ஒரு சட்டம் இருந்தது, என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. இரண்டு சட்டமும் ஒரே அறைக்குள் மோதியதில் உடைந்தது இரண்டுமல்ல. கொட்டிலைத் திறந்தேன். வெளியே வானிலை சொன்ன குளிர் உள்ளேயும் இருந்தது. பைகளின் சிப்பில் உறைபனி வெள்ளை நூலாகப் படர்ந்திருந்தது.

வேனில் ஏற்றியதும் என் முதல் யோசனை, ஹீற்றரை உச்சத்தில் போடுவது. கையும் பொத்தானுக்குப் போய்விட்டது. இரண்டாவது யோசனை என்னைத் தடுத்தது: பாதிச் சூடு பெட்டியைக் காயவைக்காது, ஈரத்தை மட்டும் சீக்கிரமாக அழைத்துவரும். ஹீற்றரை நிறுத்தி, யன்னலையும் கீழே இறக்கி, நானும் பெட்டிகளுமாக ஒரே குளிரில் போனோம். செய்ததில் பிழையில்லை என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் போய்ச் சேரும் இடத்தில் சனமும் சூடும் இருக்கும் என்பதை அது மாற்றவில்லை.

சிற்றாலயத்துக்குள் சனம் நெருக்கியடித்தது. ஈரக் கோட்டுகள், மூச்சு, சாம்பிராணி, குத்துவிளக்கு. ஒஸ்லோவில் அந்த நேரத்தில் அதைவிட ஈரமான காற்று நீச்சல் தடாகத்தில் மட்டும்தான் இருந்திருக்கும். சவப்பெட்டி திறந்திருந்தது. யோகனுக்குப் பட்டுவேட்டி கட்டி, நெற்றிக்குத் திருநீறு பூசியிருந்தார்கள். ஒரு மூலையில் பெட்டியை வைத்து, பையின் சிப்பை இரண்டு விரல் அளவு திறந்து பார்த்தேன். ஸ்பீக்கரின் கறுப்பு வலையில் முதலில் சாம்பல் பூத்தது. பிறகு அது துளியாகித் திரண்டு வழிந்தது. சிப்பை மூடினேன்.

பக்கத்தில் நின்ற ஒருவர் குனிந்து பார்த்தார். "என்னண்ணை, பெட்டியும் அழுகுதோ?"

நல்ல பகிடிதான். வேறு நாளாக இருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

இங்கேதான் உங்களைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். உங்கள் தொழிலிலும் இந்த இடம் ஒரு நாள் வரும். அப்போது மனம் சொல்லும்: போட்டுப் பார், ஒன்றும் நடவாது. பெரும்பாலும் ஒன்றும் நடவாதுதான். ஈரப் பெட்டியைப் போட்டு, அது சந்தோஷமாகப் பாடிய நாட்கள் எனக்கும் உண்டு. ஆனால் அன்றைய கேள்வி பெட்டி பாடுமா என்பதல்ல. தாய் வாயைத் திறக்கும் அந்த நேரத்தில் அது வெடித்தால் அல்லது செத்தால், அதை யார் யாருக்குத் திருப்பிக் கொடுப்பது என்பதுதான். திருப்பிச் செய்யிற அலுவலில்லை என்று ரூபன் சொல்லியிருந்தான். உடைந்த பெட்டிக்கு மாற்று வாங்கலாம் என்ற இடத்தில் துணிந்து பாருங்கள். மாற்று இல்லாத இடத்தில் துணிச்சல் என்பது மற்றவன் சொத்தில் சூதாடுவது.

பத்து நிமிஷ ஓட்டத்தில், நேசனின் வரவேற்பறையில், வெல்வெற் துணிக்குக் கீழே காய்ந்த, சூடான சோடி ஒன்று இருந்தது. சூட்டிலிருந்து குளிருக்குள்ளால் வருகிற பெட்டிக்கு வியர்க்காது. எனக்குத் தெரியும். அது யாருடைய பிள்ளைக்கு நாளைக்குத் தேவை என்பதும் தெரியும்.

வெளியே வந்து, பனிக்குள் நின்று நேசனுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"மச்சான், பெட்டி நனைஞ்சு போச்சு. போட ஏலாது."

"எந்தப் பெட்டி?" அவனுக்குத் தெரிந்துவிட்டது. குரல் இறங்கியது. "மச்சான், நாளைக்குப் பிள்ளையின்ர…"

"தெரியும்."

"வீடு நிறையச் சனம். வதனி பக்கத்தில நிக்கிறா."

"அதுவும் தெரியும். யோகன்ர தாய் லைனுக்கு வரப்போறா, நேசன்."

அவனுக்குப் பின்னால் பாத்திரச் சத்தம், யாரோ லண்டன்காரர் சிரிக்கும் சத்தம். பிறகு வதனி, "ஆரப்பா?" என்றாள். அவன் தொலைபேசியைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னான். அடுத்து என் காதில் வந்தது அவளுடைய குரல்.

"அண்ணை, நான் கொண்டுபோய் விட்டதாலேயோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். "ஓம்," என்றேன். "ஆனா உனக்குத் தெரியாதுதானே."

பாத்திரச் சத்தம் விலகியது, அவள் வேறு அறைக்குப் போயிருந்தாள்.

"அந்த அம்மா எப்ப கதைக்கிறா?"

"தேவாரம் முடிய."

"இவர் கொண்டு வருவார்." பிறகு, அதே மூச்சில், "ஆனா அது திரும்பி இந்த வாசலுக்கு வரக்கூடாது, அண்ணை. சொல்லிப்போட்டன்."

நான் உள்ளே போய்த் தேவாரம் பாடுகிறவரின் காதில், இன்னும் ஒரு பதிகம் பாடுங்கோ, மைக் இல்லாமல் பாடுங்கோ என்றேன். அவர் என்னை முறைத்துவிட்டுப் பாடினார். சிற்றாலயப் பொறுப்பாளர், உயரமான ஒரு நோர்வேக்காரர், கதவடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். எங்களுக்குப் பிறகு இன்னொரு குடும்பம் காத்திருந்தது.

நேசன் வந்தான். சாமத்தியவீட்டுக்கு எடுத்த புதுச் சேட்டோடு, அதற்குமேல் வேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பையிலிருந்து பெட்டியை இறக்கினான். முன்பக்கத்தில் சந்தனப் பொட்டு. சபையில் இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். நேசன் பெருவிரலை நாக்கில் தொட்டு, பொட்டைத் துடைத்து அழித்தான். இரண்டாவது பெட்டியிலும் அழித்தான். பிறகு வெளியே போய் வேனுக்குள் இருந்துகொண்டான்.

அந்தச் செலவு எவ்வளவு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பெட்டி அன்றிலிருந்து நல்ல பெட்டியாக இருக்கவில்லை. நான்கும் கொட்டிலுக்குள் போயின. நேசனுடைய மகளின் விழா, பிள்ளையின் பள்ளிச் சிநேகிதி ஒருத்தி கொண்டுவந்த, உள்ளங்கைக்கு மேல் கொஞ்சம் பெரிய ஒரு பாட்டுப்பெட்டியோடு நடந்தது. பின்வரிசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசையிலிருந்த கனடாக்காரர், "ரெண்டு சவுண்ட்காரர் இருக்கிற இடத்தில இந்தச் சத்தமோ?" என்று கேட்டது மட்டும் எல்லாருக்கும் கேட்டது. விஷயம் எப்படியோ பரவியது. அடுத்த கோடையில் கலியாணவீட்டுக்காரர் ஒருவரும் எங்களைக் கூப்பிடவில்லை. எந்தச் சோடி எது என்று எங்களுக்கே தெரியாது என்றார்களாம். நேசன் தபால் பிரிக்கும் வேலைக்குப் போனான். படிக்கட்டில் கண்டால் தலையை ஆட்டுவான். வதனிதான் இன்னும் நின்று கதைப்பாள். கறுப்பு ரேப் பெட்டிகளோ, தோய்க்கும் அறையில் ஒரு பின்னேரம் கிடந்து காய்ந்த பிறகு, ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தன. இன்றும் செய்கின்றன. அவற்றைத்தான் உங்களுக்குத் தந்திருக்கிறேன்.

மறுபடியும் அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

பெட்டிகளைப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. ஒரு கீறல் இல்லை, இரைச்சல் இல்லை. ஒன்றைக் கதவுக்கு வெளியே திருப்பி வைத்தேன். பனிக்குள் நின்ற சனம் அதற்குக் கிட்ட வந்தது. ரூபன் தொலைபேசியைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் பிடித்தான். திரையில் தாய் வந்தார். வெள்ளைச் சீலை, பின்னால் ஒரு நீலச் சுவர், அங்கேயும் சுற்றிவர ஆட்கள். மகனைப் பார்த்தார். அவர் மூச்சு இழுத்தது கூட அந்த மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை நான் அதற்குமுன் கொடுத்ததில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணத்தில் எனக்குப் பெருமையாக இருந்தது.

"ராசா," என்றார்.

அந்த வார்த்தை சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. தன் குரலைத் தானே கேட்டிருக்க வேண்டும். நிறுத்திவிட்டார்.

"ரூபன். என்ரை குரல் எல்லாருக்கும் கேக்குதோ?"

"ஓம் அம்மா." ரூபன் அழுதுகொண்டே, கொஞ்சம் நிமிர்ந்து சொன்னான். "வெளியில நிக்கிற சனத்துக்கும் வடிவாக் கேக்குது. நீங்கள் கதையுங்கோ."

தாய் திரைக்கு இன்னும் கிட்ட வந்தார். பிறகு சொன்னார்:

"அப்ப உதை நிப்பாட்டச் சொல்லு. நான் அவனோட கதைக்கத்தான் வந்தனான்."

மண்டபம் முழுக்க என் பக்கம் திரும்பியது. ரூபன் என்னைப் பார்த்தான். அவனிடம் எவ்வளவோ கேட்டிருந்தேன். தாய் எப்படிக் கதைக்க விரும்புகிறார் என்று நானும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.

நிறுத்தி, தொலைபேசியிலிருந்து வயரையும் கழற்றினேன். ரூபன் தொலைபேசியைச் சவப்பெட்டிக்குள் இறக்கி, திரை மேலே தெரியும்படி அண்ணனின் காதோரம் பிடித்தான். குனிந்தபடியே, தன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். தாயின் உதடு அசைவதை முன்வரிசையில் நின்றவர்கள் பார்த்திருக்கலாம். அவர்களும் பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்தார்கள். நீண்ட நேரம் கதைத்தார். ஒரு இடத்தில் அவர் சிரித்தது போலவும் இருந்தது.

பொறுப்பாளர் ஓரமாக நடந்து என்னிடம் வந்தார். அணைந்திருந்த பச்சை விளக்கைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். குனிந்து, மெதுவாக நோர்வே மொழியில் கேட்டார்:

"ஒலி பழுதாகிவிட்டதா? உதவி வேண்டுமா?"

"இல்லை," என்றேன். "எல்லாம் வேலை செய்கிறது."

அவர் திரும்பி யோகனின் பக்கம் பார்த்தார். பிறகு போய், வெளியே காத்திருந்த அடுத்த குடும்பத்திடம் ஏதோ சொல்லிவிட்டு, கதவை உள்ளேயிருந்து சாத்தினார்.